கொல்லைப்புற வேலி: இன்ஜினீயர்டு வுட் பலகை வாங்கும் முன்னும் பின்னும்

வேலி போடுவது பற்றி விசாரிக்க ஆரம்பித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பலகை விற்பவர் பலகையைப் பற்றி மட்டும் பேசுவார். குழி தோண்டுபவருக்குக் குழி மட்டும்தான் கவலை. அனுமதி, எல்லை, வாரன்டி மூன்றும் யாருடைய பொறுப்பும் இல்லை, ஆகவே வீட்டுக்காரர் தலையில் வந்து விழும். இதையெல்லாம் துண்டு துண்டாகத் தேடி அலைந்துதான் என் வேலியை நிறுத்தினேன். அடுத்தவருக்காவது ஒரே இடத்தில் கிடைக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வகை வேலி பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் கெடும். ஒன்று மண்ணுக்குள் இருக்கும் தூணின் அடி. இன்னொன்று நீங்கள் அறுத்த பலகையின் விளிம்பு. அதனால் பணத்தை மண்ணுக்குக் கீழேயும் நேரத்தை விளிம்பிலும் செலவழியுங்கள். மற்றதில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம்.

1. எந்தப் பலகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

இன்ஜினீயர்டு வுட் என்பது ஒரு பொதுப்பெயர். பிளைவுட், எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு எல்லாமே அதில் அடக்கம். வீட்டுக்குள் அலமாரி செய்யும் பலகையை வேலிக்கு அடித்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வேலிக்கென்றே வரும் பலகை வேறு. மரச்சீவலையோ மரநாரையோ பிசினும் மெழுகும் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்தது. பூஞ்சையும் கரையானும் அண்டாமலிருக்கப் பல தயாரிப்புகளில் துத்தநாக போரேட் கலந்திருக்கும். மேலே பிரைமரோ வண்ணமோ பூசி வரும்.

கம்போசிட் என்று பக்கத்திலேயே இன்னொன்று அடுக்கியிருப்பார்கள். அது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கிச் செய்தது. அதற்கு பெயின்ட் வேண்டாம். வெயிலில் நீளும் அளவும் பொருத்தும் முறையும் வேறு. இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது.

இன்ஜினீயர்டு பலகையில் முடிச்சு இருக்காது, எல்லாம் ஒரே அளவில் வரும், பச்சை மரம்போல முறுக்கிக்கொள்ளாது. சரி, குறை என்ன? எடை அதிகம். அப்புறம், விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே உப்பும், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

பலகை வாங்கும் முன் அந்தத் தயாரிப்பின் பொருத்தும் குறிப்பை வாங்கிப் படியுங்கள். நான்கு விஷயங்களைப் பாருங்கள்: தரையிலிருந்து எவ்வளவு உயரம், பலகைக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி, எந்த ஆணி, எத்தனை நாளுக்குள் பெயின்ட். நான் கீழே தரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் பலகையோடு வந்த தாள் வேறு சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் வாரன்டி அதை வைத்துத்தான்.

2. காகித வேலையை முடிக்காமல் ஒரு பலகைகூட வாங்காதீர்கள்

முதலில் எல்லை. பழைய வேலி நிற்கும் இடம்தான் எல்லை என்று நினைப்பது பெரும் பொறி. அது யாரோ எப்போதோ வசதிக்குப் போட்டதாக இருக்கலாம். நில அளவை வரைபடத்தை எடுங்கள், எல்லைக் கல் அல்லது முளையைக் கண்டுபிடியுங்கள். கிடைக்கவில்லை என்றால் சர்வேயரை வைத்து அளந்து குறிக்கச் சொல்லுங்கள். காசுதான், ஆனால் கட்டிய வேலியைப் பிடுங்கி நகர்த்தும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. வேலியை எல்லைக்குச் சில அங்குலம் உள்ளே தள்ளிப் போடுங்கள். தூண் உங்கள் பக்கம் இருந்தாலும் அதன் கான்கிரீட் அடுத்தவர் நிலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

வரைபடத்தில் மின்கம்பி, வடிகால், குழாய் இவற்றுக்கென்று விட்ட துண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். நிலம் உங்களுடையதாக இருந்தாலும், அந்தத் துண்டின் மேல் போட்ட வேலியை வேலை என்று வந்தால் அவர்கள் அகற்றலாம். திரும்பப் போட்டுத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது உள்ளாட்சி அனுமதி. எல்லா ஊரிலும் தேவைப்படாது. தேவையா இல்லையா என்று கேட்பதற்குச் செலவில்லை. கேட்டால் பெரும்பாலும் இவை வேண்டும்: நில வரைபடத்தின் நகலில் வேலி வரும் கோடு, உயரம், பொருள், கேட் வரும் இடம். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அவர்களுக்குத் தனி விண்ணப்பம். நிறத்தைக்கூட அவர்கள் தீர்மானிக்கலாம். வாய்மொழியாக "போட்டுக்கோங்க" என்பதெல்லாம் கணக்கில் வராது, எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் அப்படித்தான். செலவைப் பகிர்ந்துகொள்வதாக இருந்தால், யார் எவ்வளவு, பிறகு பராமரிப்பது யார், எந்த முகம் எந்தப் பக்கம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

உயரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அனுமதி 6 அடி என்று வைத்துக்கொள்வோம். 6 அடிப் பலகை வாங்கி, தரையிலிருந்து 2 அங்குலம் தூக்கி அடித்தால் வேலி 6 அடி 2 அங்குலம் ஆகிவிடும். சரிவான நிலத்தில் இன்னும் கூடும். எங்கிருந்து எங்கே அளப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். மூலை மனை என்றால் சாலைப் பார்வை மறையக் கூடாது என்று தனி விதி இருக்கலாம். நீச்சல் குளம் இருந்தால் கேட்டுக்கு வேறு விதிகள் உண்டு.

அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகலாம். வந்த அனுமதிக்குக் காலாவதித் தேதியும் இருக்கும். சில இடங்களில் கான்கிரீட் ஊற்றும் முன் குழியை வந்து பார்ப்பார்கள். அதையும் கேட்டு வைத்துக்கொண்டால் ஆட்களைக் கூப்பிட்ட நாளில் கையைப் பிசைந்து நிற்க வேண்டாம்.

3. மண்ணுக்கு அடியில் என்ன ஓடுகிறது?

கடப்பாரை வைக்கும் முன் மின்சாரம், எரிவாயு, குடிநீர், தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். பல நாடுகளில் இதற்கு இலவசச் சேவையே இருக்கிறது, ஆனால் சில நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அவர்கள் குறிப்பது அவர்களுடையதை மட்டும்தான். தோட்டத்துத் தெளிப்பான் குழாய், விளக்குக்கு இழுத்த வயர், கழிவுநீர்த் தொட்டிக் குழாய் எல்லாம் உங்கள் பொறுப்பு. குறியிட்ட இடத்துக்கு அருகில் இயந்திரத்தை விடாமல் கையால் தோண்டுங்கள்.

4. கணக்குப் போடும் விதம்

60 அடி நேர் வேலி, 6 அடி உயரம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தூண்களுக்கு நடுவே அதிகபட்சம் 8 அடி. காற்று பலமாக அடிக்கும் இடமென்றால் 6 அடி. 60-ஐ 8-ஆல் வகுத்தால் ஏழரை வரும். கடைசியில் அரைக் கண்ணி (இரண்டு தூண்களுக்கு நடுவே வரும் பகுதி) நிற்பது அசிங்கம். எட்டுக் கண்ணியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏழரை அடி, தூண் 9. கண்ணிக்கு மூன்று குறுக்குச் சட்டம் (தூணுக்குத் தூண் கிடைமட்டமாக மாட்டி, பலகையை அடிக்கும் கட்டை), ஆக 24.

பலகைக் கணக்கில்தான் பலரும் இடறுகிறார்கள். 6 அங்குலம் என்று சொல்லி விற்கும் பலகையின் உண்மை அகலம் பெரும்பாலும் ஐந்தரைதான். 60 அடி என்பது 720 அங்குலம். பலகை ஐந்தரை, இடைவெளி கால் அங்குலம், சேர்த்து 5.75. வகுத்தால் 126 பலகை. 6 அங்குலம் என்று நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் 116 வாங்கியிருப்பீர்கள், பத்து குறையும். உடைசலுக்கும் அறுப்புக்கும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூடுதலாக வாங்குங்கள். பின்னால் ஒரு பலகை உடைந்தால் அதே வகை கடையில் இருக்கும் என்று உறுதியில்லை.

பலகைக்கு 6 ஆணி, அதாவது சட்டத்துக்கு இரண்டு. 126 பலகைக்கு 756.

கான்கிரீட் கணக்கு பலரை அசர வைக்கும். 12 அங்குல விட்டம், 3 அடி ஆழம் நிரப்ப, தூணின் கனத்தைக் கழித்தாலும் குழிக்குச் சுமார் 60 லிட்டர் வேண்டும். உலர் கலவையாக வாங்கினால் ஏறக்குறைய 125 கிலோ. ஒன்பது குழிக்கு ஒரு டன்னைத் தாண்டுகிறது. காரில் ஏற்றிவரும் சமாசாரம் இல்லை, டெலிவரிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் விட்டுப்போகிறவை வேறு சிலவும் உண்டு: பழைய வேலியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவது, குழி தோண்டும் இயந்திர வாடகை, அனுமதிக் கட்டணம், பெயின்ட், சீலன்ட், கேட் சாமான்கள். ஆள் வைத்துச் செய்கிறீர்கள் என்றால் "அடிக்கு இவ்வளவு" என்று சொல்வதில் இவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். குழியின் ஆழம், ஆணியின் வகை, அறுத்த விளிம்புக்குப் பூச்சு, இந்த மூன்றும் விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்கட்டும். குறைந்த விலைக்கு ஒருவர் வந்தால் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் கை வைத்திருப்பார்.

5. தூண்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

மரத்தூண் என்றால் மருந்தேற்றியது வேண்டும். அதிலும் மண்ணைத் தொடும் பயன்பாட்டுக்கு என்று லேபிளில் இருக்க வேண்டும். தரைக்கு மேலே மட்டும் பயன்படுத்தும் வகையும் அதே பச்சை நிறத்தில்தான் இருக்கும், விலையும் குறைவு. அதை நட்டால் மண் மட்டத்தில் இற்றுவிடும். கைக்கு எட்டினால் துத்தநாகம் பூசிய இரும்புத் தூண்தான் என் ஓட்டு. குறுக்குச் சட்டம் மாட்டத் தனி பிராக்கெட் வேண்டும், அவ்வளவுதான்.

தூணின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும். 9 அடித் தூண் என்றால் 3 அடி உள்ளே, 6 அடி வெளியே. இடைவெளி குறைவான வேலி காற்றை முழுசாக வாங்கும், அதனால்தான் இந்த ஆழம். மண் உறையும் குளிர் நாடுகளில் உறையும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். அந்த அளவை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

குழியின் விட்டம் தூணின் அகலத்தைப் போல மூன்று மடங்கு. இன்னும் 6 அங்குலம் ஆழமாகத் தோண்டி அடியில் ஜல்லி போட்டு இடியுங்கள், தண்ணீர் வடிய அதுதான் வழி. குழி மேலே அகன்று கீழே குறுகிக் காளான் மாதிரி ஆகிவிடக் கூடாது. மண் உறைந்து உப்பும்போது அந்தத் தொப்பியைப் பிடித்துத் தூணையே மேலே தள்ளிவிடும். அடி கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லது.

முதலில் இரண்டு முனைத் தூண்கள். அவற்றுக்கு நடுவே நூல் பிடித்து மற்றவற்றை நிறுத்துங்கள். மூலை செங்கோணமா என்று பார்க்க, ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். ரசமட்டத்தை அடுத்தடுத்த இரண்டு முகங்களிலும் வைத்துப் பாருங்கள், ஒரு முகம் மட்டும் பார்த்தால் போதாது. இரு திசையிலும் முட்டுக் கொடுத்துவிட்டு ஊற்றுங்கள். கான்கிரீட்டின் தலை மண்ணுக்குக் கொஞ்சம் மேலே, தூணைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாக முடிய வேண்டும். கிண்ணமாகக் குழிந்தால் மழைத்தண்ணீர் அங்கேயே தேங்கி, மருந்தேற்றிய தூணையும் தின்னும்.

சீக்கிரம் இறுகும் கலவை ஒரு மணி நேரத்துக்குள் கெட்டியாகும். அதற்காக அன்றைக்கே பலகை ஏற்றாதீர்கள். சாதாரணக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் ஒரு வாரம். இதனால்தான் "ஒரே வாரக்கடைசியில் வேலி" என்ற திட்டம் சரிப்படாது. ஒரு வாரக்கடைசியில் தூண், அடுத்ததில் சட்டமும் பலகையும் என்று வையுங்கள்.

மரத்தூணைக் கொஞ்சம் நீளமாக விட்டு, இறுகிய பிறகு நூல் பிடித்து ஒரே மட்டத்தில் அறுங்கள். அறுத்த தலையில் மரப் பாதுகாப்பு மருந்து தடவி, மேலே மூடி போடுங்கள். தொழிற்சாலையில் மருந்தேறிய முனைதான் எப்போதும் கீழே போக வேண்டும்.

6. குறுக்குச் சட்டம்

6 அடி வேலிக்கு மூன்று சட்டம். இரண்டு போதும் என்பார்கள். எடை கூடிய இந்தப் பலகைக்குப் போதாது. சட்டத்தைப் படுக்கையாக வைக்காமல் கனத்தில் நிறுத்தி மாட்டினால் நடுவில் தொய்யாது.

மருந்தேற்றிய மரத்தில் செம்பு சேர்ந்த மருந்து இருக்கும். அது சாதாரண இரும்பு ஆணியை அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பளபளவென்று மின்முலாம் பூசியது வேண்டாம். ஆணிக்கு மட்டுமல்ல, பிராக்கெட், கீல், திருகாணி எல்லாவற்றுக்கும் இதே விதி.

7. அறுப்பதும் விளிம்பை மூடுவதும்

பலகை வந்து இறங்கியதும் மண்ணில் போடாதீர்கள். கட்டைமேல் சமமாக அடுக்கி, மேலே மூடி, பக்கவாட்டில் காற்று போக விடுங்கள். விளிம்பு நனைந்து உப்பினால் வேலி எழும் முன்னரே அந்தப் பலகை போச்சு.

அறுப்பதற்குக் கார்பைடு பல் வைத்த, பல் நெருக்கமான பிளேடு. கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பம் கீழிருந்து மேலாக வெட்டும், அதனால் நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுங்கள். மேசை ரம்பம் என்றால் நல்ல முகம் மேலே. தூள் மிக நுண்ணியதாகப் பறக்கும், முகமூடியும் கண்ணாடியும் அவசியம்.

உயரம் குறைக்க வேண்டியிருந்தால் தலையை அறுங்கள். கீழ் விளிம்பு ஆலைப் பூச்சோடு அப்படியே இருக்கட்டும், ஈரம் அதிகம் படுவது அங்கேதான். அறுத்த ஒவ்வொரு விளிம்புக்கும் அன்றைக்கே பிரைமர், அது காய்ந்ததும் பெயின்ட். பலகை ஏறிய பிறகு கீழ் விளிம்புக்கும் இடுக்குகளுக்கும் பிரஷ் போகாது. ஆகவே அறுக்கும் இடத்திலேயே பிரைமர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் அறுக்க ஒருவர் தடவ என்று வேலை நடக்கட்டும். கூலிக்கு ஆள் வைத்தால் முதலில் விட்டுப்போவது இதுதான், பக்கத்திலேயே நில்லுங்கள்.

8. பலகை அடிப்பது

தரையிலிருந்து 2 அங்குலம் தூக்கி ஒரு நூல் கட்டுங்கள். பலகையின் அடி அந்த நூலில் நிற்க வேண்டும். பின்னால் பூந்தொட்டி மண்ணோ சருகோ கொட்டி அந்த இடைவெளியை அடைத்தால், பலகையை மண்ணிலேயே நிறுத்தியதற்குச் சமம்தான். நாய் அந்தச் சந்தில் புகுந்துவிடும் என்றால், மண்ணைத் தொடும் பயன்பாட்டுக்கான மருந்தேற்றிய பலகை ஒன்றைக் கீழே தனியாகக் கிடைமட்டமாக அடியுங்கள். அது இற்றால் அதை மட்டும் மாற்றலாம்.

இடைவெளிக்கு ஒரே கனத்தில் ஒரு மரத்துண்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பலகையைப் பலகையோடு முட்டி அடிக்காதீர்கள், ஈரத்தில் கொஞ்சம் விரிய இடம் வேண்டும். சந்து வழியாகப் பார்வை போகிறது என்று கவலையானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இரட்டை அடுக்காக அடிக்கலாம். பலகையும் எடையும் கூடும், அதற்கேற்பத் தூணையும் யோசியுங்கள்.

நாலைந்து பலகைக்கு ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்வு சேர்ந்துகொண்டே போனால் கண்ணுக்குக் கடைசியில்தான் தெரியும்.

ஆணியின் தலை பலகையின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். காற்றழுத்த ஆணித் துப்பாக்கியை அழுத்தம் குறைக்காமல் அடித்தால் தலை உள்ளே புதைந்து மேல்பூச்சு கிழியும். அதுவும் தண்ணீர் இறங்கும் வழிதான். புதைந்த ஆணி எல்லாவற்றையும் சீலன்ட்டால் அடைத்துப் பெயின்ட் தொடுங்கள். பலகையின் ஓரத்துக்கு மிக அருகிலும் அடிக்க வேண்டாம்.

9. கேட்

கேட் தூண் மற்றதைவிடப் பருமனாகவும் ஆழமாகவும் இருக்கட்டும். சட்டகத்துக்குள் போடும் மரக் குறுக்குக்கட்டை, கீல் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்குப் போக வேண்டும். மாற்றிப் போட்டால் கேட் தொங்கிவிடும். கம்பி இழுத்து முறுக்குவது என்றால் நேர் எதிர்: கீல் பக்கத்து மேல் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்துக் கீழ் மூலைக்கு. புல்வெட்டும் இயந்திரம் நுழையும் அகலம் இருக்கிறதா என்று குழி தோண்டும் முன்னரே அளந்துவிடுங்கள்.

10. பெயின்ட்

பிரைமர் மட்டும் பூசி வந்த பலகையை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. எத்தனை நாளுக்குள் பூச வேண்டும் என்று தாளில் இருக்கும். வெளிப்புறத்துக்கான அக்ரிலிக் பெயின்ட், இரண்டு கோட், முன்னும் பின்னும். மரத்தில் ஊறும் ஸ்டெயின் வாங்கி வராதீர்கள், பிரைமர் ஏறிய முகத்தில் அது ஊற வழியே இல்லை. மழை வரும் நாளிலும் சுள்ளென்று வெயில் அடிக்கும் முகத்திலும் பூச வேண்டாம்.

தோட்டத் தெளிப்பான் வேலியில் அடிக்காதபடி திருப்பி வையுங்கள். புல் செதுக்கும் நைலான் கயிறு கீழ் விளிம்பில் பட்டுப் பட்டுப் பூச்சை உரித்துவிடும், அந்த ஓரத்தைக் கையால் பிடுங்குவது மேல். வருடம் ஒருமுறை கீழ் விளிம்பையும் ஆணித் தலைகளையும் பார்த்து, உரிந்த இடத்தில் பெயின்ட் தொட்டால் போதும்.

11. வாரன்டிக்கு ஒரு கோப்பு

பல வருட வாரன்டி என்று அட்டையில் பெரிதாக இருக்கும். சின்ன எழுத்தில் தரை இடைவெளி, ஆணி வகை, விளிம்புப் பூச்சு, பெயின்ட் காலக்கெடு எல்லாம் நிபந்தனையாக இருக்கும். பலகைக்குத்தான் பொறுப்பு, கழற்றி மாட்டும் கூலிக்கு இல்லை என்றும் இருக்கலாம். ஆகவே பில், பலகைக் கட்டில் ஒட்டியிருந்த லேபிள், ஆணி டப்பாவின் அட்டை, பெயின்ட் ரசீது, அனுமதிக் கடிதம், பக்கத்து வீட்டு ஒப்பந்தம் அனைத்தையும் ஒரே கோப்பில் போடுங்கள். குழியின் ஆழத்தை டேப் வைத்தும், பிரைமர் தடவிய விளிம்பையும், தரை இடைவெளியையும் படம் எடுத்து அதோடு சேருங்கள். பதிவு செய்தால்தான் வாரன்டி என்று போட்டிருந்தால், பெயின்ட் காய்கிற நேரத்தில் அதையும் முடித்துவிடுங்கள்.